அறுபது அங்குலத் தொட்டி

ஜூன் 9

என் வாயாடித் தங்கைக்கு அக்கா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் வயிற்றிலிருக்கும் சின்ன விருந்தாளியும் அதேபோல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். கேட்பவருக்கு அலுத்திருக்காது என்று நம்புகிறேன்.

தொட்டி கட்டி முடிந்துவிட்டது. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் பாதி போய்விட்டது, போகட்டும். செங்கல் கட்டி, உள்ளே வழுவழுவென்று சிமெண்ட் பூசி, மேலே ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் கதவு வைத்தாயிற்று. எவ்வளவு பிடிக்கும் என்று கொத்தனாரைக் கேட்டேன். "நிறையப் பிடிக்கும்மா" என்றார். நிறைய என்பது ஒரு கணக்கா? நானே இருபத்தேழு குடம் ஊற்றிக் கம்பை விட்டுப் பார்த்தேன். நான்கு அங்குலம் ஏறியது. ஆக, அங்குலத்துக்கு ஆறே முக்கால் குடம். தொட்டியின் ஆழம் அறுபது அங்குலம். நிரம்பினால் நானூறு குடத்துக்கு மேலேயே இருக்கும். நீ டிசம்பரில் பிரசவத்துக்கு வந்து நூறு நாள் தங்கினாலும், குடிக்க, சமைக்க, குழந்தைக்கு என்று நாளுக்கு நாலு குடம் தாராளமாகச் செலவழிக்கலாம்.

உப்பே சேர்க்கக் கூடாது என்று உன் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் குழாய்த் தண்ணீரோ, சட்டியில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைவெள்ளையாகப் படிகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு உன் நாக்கில் படப்போவதில்லை. இது நான் கடவுளிடம் கொடுத்த வாக்கு.

உன் அத்தான் அச்சகத்தில் மிச்சமான தாளை வைத்துத் தடியாக ஒரு நோட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார். மழை, கம்பளவு, எடுத்த குடம், வெளியேற்றியது என்று நாலு கட்டம் போட்டிருக்கிறேன். மாதாமாதம் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து உனக்கு அனுப்புகிறேன். படுத்துக்கிடப்பவளுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே.

எழுந்து நடக்காதே. கடவுள் உன் கட்டிலருகே இருக்கட்டும்.

உன் அக்கா

ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

படுத்தபடி எழுதுவதால் எழுத்துத்தான் சாய்ந்திருக்கிறது. நான் சாயவில்லை, நன்றாகவே இருக்கிறேன். நீயும் அத்தானும் அப்படியே இருங்கள்.

நாலாம் மாதம் நடக்கிறது. இவர் நாள் முழுக்க மின்கம்பத்தின் மேலே, நான் நாள் முழுக்கக் கட்டிலின் மேலே. இரண்டு பேருக்குமே கீழே இறங்க உத்தரவில்லை. மேல்கூரையில் எத்தனை விரிசல் என்று எண்ணி முடித்துவிட்டேன். பதினேழு. உன் தங்கைதானே, கணக்கு தப்பாது.

தொட்டியை நினைத்தாலே தாகம் எடுக்கிறது. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் குப்பி கழுவியவள் சொல்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் முதல் பத்து நிமிஷத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதே. கூரையின் தூசி, புறா எச்சம் எல்லாம் அதோடுதான் வரும். இறங்கும் குழாயின் அடியில் கொத்தனார் ஒரு மூடி வைத்திருப்பாரே, அதைத் திறந்து வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு மூடு. அதற்குப் பிறகு வருவதுதான் தொட்டிக்கு.

இன்னொன்று. அக்கா, போன இரண்டு தடவையும் குழந்தை தங்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்று நீங்கள் எல்லோரும் கிசுகிசுத்ததும், நான் திரும்பினால் சிரித்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ, யாருக்கு எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்லிவிட வேண்டும். சரியா?

முடிந்தால் ஒரு இரண்டு நாள் வந்துவிட்டுப் போயேன். எனக்காக இல்லை, விரிசலைச் சரிபார்க்க.

உன் வாயாடி

ஜூலை 28

என் தங்கைக்கு,

நன்றி சொல்லிக்கொண்டே தொடங்குகிறேன், ஏனென்றால் மழை வந்துவிட்டது! நாங்கள் சுகம், நீ சுகம், தொட்டியும் சுகம்.

முந்தாநாள் பகல் இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. சோற்றை வடித்த கையோடு பின்பக்கம் ஓடினேன். தகரக் கூரையில் முதல் சொட்டு விழுந்த சத்தத்துக்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, மழைய வரவேற்க ஆரத்தி தட்டு மட்டுந்தான் கொறச்சல்" என்று கேலி செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும். நாலு மாதம் காய்ந்து கிடந்தவளுக்குத் தெரியும்.

ஒரு சொட்டுகூட வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டேன். கேட்டுக் கேட்டு வாங்கியதில் முதல் வாயையே சாக்கடைக்கு விட எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஜல்லியும் மணலும் கரியும் போட்ட வடிகட்டி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்.

கம்பு பத்தரை அங்குலம் காட்டுகிறது. இந்த மாதப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். எவ்வளவு இனிப்பு தெரியுமா? உன் அத்தான் வீட்டில் தண்ணீரே குடிப்பதில்லை, அச்சகத்தில் தேநீரிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

வரச் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஆசை இல்லையா? ஆனால் நான் அங்கே வந்த நேரம் பார்த்து இங்கே பெய்தால், இலையும் குப்பையும் அடைத்துக்கொண்டு அத்தனையும் தெருவுக்குப் போகும். மழைக்காலம் முடியட்டும்.

உன்னை என் கண்ணுக்குள் வைத்திருக்கும்

அக்கா

ஆகஸ்ட் 25

அன்புள்ள கொழுந்தியாளுக்கு அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம் என்று எழுதச் சொன்னாள் உன் அக்கா. நலமாக இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அவளுக்குக் கொஞ்சம் வேலை அதிகம். அதனால் நான் எழுதுகிறேன். எனக்குப் புத்தகத்துக்கு அட்டை போடத்தான் வருமே தவிர, உள்ளே என்ன எழுதுவது என்று தெரியாது. வெயில் அடிக்கிறது. அச்சகத்தில் புதிய ஒட்டுப்பசை வந்திருக்கிறது, நன்றாகப் பிடிக்கிறது.

ஆகஸ்ட் மாதத்துத் தண்ணீர்ப் பக்கத்தை உனக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றாள். ஒரு எழுத்துப் பிசகாமல் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

இப்படிக்கு

அத்தான்

செப்டம்பர் 1

அக்கா,

நான் நலம். வழக்கமாக இந்த இடத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒப்புக்குக் கேட்போம். இன்று நிஜமாகவே கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அத்தான் பிரதி எடுத்தார் பார், அப்படி ஒரு பிரதி! பக்கத்தின் அடியில் உன் கையெழுத்தைக்கூட உன்னைப் போலவே போட்டுவிட்டார். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை போலிருக்கிறது. நான் பார்த்தேன். எனக்கு வேறென்ன வேலை? உன் பக்கத்தை ஐம்பது தடவை படிக்கிறேன், அதுதான் எனக்குக் கதைப்புத்தகம்.

ஆகஸ்ட் எட்டு வரைக்கும் எடுத்தது நாளுக்கு இரண்டு குடம். ஒன்பதிலிருந்து பதினேழு வரைக்கும் பூஜ்யம். ஒன்பது நாள், அக்கா. உன் வீட்டில் ஒன்பது நாள் அடுப்பு எரியவில்லை, யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கே போயிருந்தீர்கள்? அதன் பிறகு பத்தொன்பதாம் தேதி, 'வெளியேற்றியது: 189 குடம்'. கம்பளவு பூஜ்யம்.

ஒரு சொட்டை விட மனம் வராதவள் நூற்று எண்பத்தொன்பது குடத்தைத் திறந்துவிட்டிருக்கிறாய். 'கொஞ்சம் வேலை அதிகம்' என்பதற்கு இதுவா அர்த்தம்?

நீ பொய் சொல்லலாம். உன் நோட்டு சொல்லாது. கணக்கில் பொய் எழுதும் பழக்கம் உனக்குக் கிடையாதே.

ஜூலையில் நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வாசலில் நின்று கிசுகிசுக்கிறவர்களின் கூட்டத்தில் மறுபடியும் நீ போய்ச் சேர்ந்துகொள்ளாதே.

பதில் வரும்வரை ஒருக்களித்துப் படுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தங்கை

செப்டம்பர் 12

என் தங்கைக்கு,

இப்போது நிஜமாகவே நலம். சத்தியமாக. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தானைப் பார்த்தேன். "நீதானே எழுத்துப் பிசகாம எழுதச் சொன்னே?" என்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் ஏழில் வயிறு போக ஆரம்பித்தது. மறுநாள் வாந்தியும் காய்ச்சலும். ஒன்பதாம் தேதி காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. தையல்காரம்மாதான் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கையில் ஊசி குத்தின இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. உன் அத்தானும் அங்கேயே என் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர். "என்ன தண்ணி குடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டாள். "மழைத் தண்ணி. கடவுள் கொடுத்தது" என்றேன். "கடவுள் கொடுத்தது சரிம்மா. நடுவுல புறா கொடுத்ததையும் சேர்த்துக் குடிச்சிருக்கீங்க" என்றாள். அந்த வார்டு முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் உள்ளே ஜில்லென்று ஆகிவிட்டது. கொத்தனார் சொன்னார், நீ சொன்னாய், கேட்கவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்திருக்கிறேன். அந்தத் தண்ணீரை நீ குடித்திருந்தால்?

வீட்டுக்கு வந்த மறுநாள் தொட்டியின் அடியிலிருக்கும் குழாயைத் திறந்துவிட்டேன். நூற்று எண்பத்தொன்பது குடமும் மதிலோரச் செடிகளுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தேன். தையல்காரம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது, "அக்கா, நீங்க மேலேர்ந்து மேற்பார்வை பாத்தது போதும், போய்ப் படுங்க!" சுண்ணாம்பு அடித்து, காயவிட்டு, வடிகட்டியில் மணலைக்கூட மாற்றியாயிற்று. அதன் பிறகு வந்த மழைக்கெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் வெளியே விட்டுத்தான் மூடுகிறேன். இப்போது ஆறு அங்குலம். அதை நாங்கள் தொடுவதில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொள்கிறோம். தொட்டியில் இருப்பது உனக்கு.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். இதை எழுத இரண்டு நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். இரண்டாவது தடவை நீ ஒரு மாதம் இங்கே, என் வீட்டில்தான் இருந்தாய். இந்த உப்புத் தண்ணீரைத்தான் குடித்தாய். நான் என் கையால் மொண்டு மொண்டு கொடுத்தேன். அதன் பிறகுதான் அப்படி ஆயிற்று. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்தத் தொட்டி. அந்தத் தொட்டித் தண்ணீரும் ஆளைச் சாய்க்கிறது என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? இனி என் வீட்டுப் பக்கமே வரமாட்டாயே என்று பயந்தேன்.

வருவாய் என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன் அக்கா

அக்டோபர் 10

என் தங்கைக்கு,

இங்கே சுகம். நீ சுகம்தானே? நாலு வாரமாகத் தபால்காரர் எங்கள் வாசலில் நிற்காமல் போகிறார்.

பதினேழு அங்குலம். மழை மனசு வைக்கவில்லை, தூறித் தூறி நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் வெளியே விட்டு மூடுவதற்குள் பாதி மழை முடிந்துபோகிறது. ஆனாலும் விட்டுத்தான் பிடிக்கிறேன், பயப்படாதே.

கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. நீ திட்டி எழுதினால் நன்றாக இருக்கும், சிறுவயதிலிருந்தே உனக்கு அது கைவந்த கலை.

ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளையும் இதோடு வைக்கிறேன். என்னை நம்பாவிட்டாலும் முத்திரை வைத்த தாளை நம்பலாமே.

கடவுள் துணை.

அக்கா

அக்டோபர் 30

என் தங்கைக்கு,

சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்.

போன வாரம் உன் அத்தான் கடைப் போனிலிருந்து உன் வீட்டுக்காரரின் ஆபீசுக்குப் பேசினார். "நல்லாத்தான் இருக்காங்க அண்ணே, கொஞ்சம் கோவமா இருக்காங்க, அவ்வளவுதான்" என்றாராம். கோபம் என்றால் சரி. கோபப்படத் தெம்பு இருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

முப்பத்தோரு அங்குலம். எப்படி ஏறியது என்றால் அது தையல்காரம்மாவின் புண்ணியம். ஒருநாள் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். "ஏங்க்கா, என் கூரையில விழறது மட்டும் என்ன உப்புத் தண்ணியா? அதையும் இழுத்துக்க வேண்டியதுதானே?" என்றாள். "உன் கூரைத் தண்ணியை நான் எப்படி எடுக்கறது?" என்றேன். "எடுக்காட்டி அது எனக்குத் தையல் மெஷினா ஓட்டப்போகுது?" மறுநாளே கொத்தனார் மதில்மேல் ஒரு நீளக் குழாயைப் போட்டு அவள் கூரையையும் நம் தொட்டியோடு சேர்த்துவிட்டார். இப்போது ஓர் அங்குல மழைக்கு நூற்று முப்பது குடம். அவளைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் வைத்தவருக்குத்தான் எத்தனை தொலைநோக்கு!

இரண்டு தடவை பையில் துணி எடுத்து வைத்தேன், உன்னைப் பார்க்க. இரண்டு தடவையும் வானம் கறுத்தது. பையைப் பிரித்து வைத்துவிட்டேன். நான் போனால் யார் மூடி திறப்பார்கள், யார் மூடுவார்கள்?

ஒரு வரி. ஒரே ஒரு வரி.

அக்கா

நவம்பர் 6

அன்பு அக்காவுக்கு,

எட்டு வாரப் பாக்கியையும் சேர்த்து விசாரிக்கிறேன், நீ சுகமா, அத்தான் சுகமா, தொட்டி சுகமா? நான் இன்று சுகம். என் வயிற்றில் இருப்பதும் சுகம். உதைக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றதைப் பதறாமல் படி.

உன் மூன்று கடிதங்களையும் நேற்றுத்தான் பார்த்தேன். செப்டம்பர் பத்தில் இரத்தம் பட்டது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நேற்று முன்தினம்தான் வீட்டுக்கு விட்டார்கள். கால் பக்கம் கட்டிலை உயர்த்தி, தலைகீழாக வௌவால் மாதிரி எட்டு வாரம் கிடந்தேன். கடிதங்கள் வீட்டுக்கு வந்து கிடந்தன. இவர் உனக்கு எழுதுகிறேன் என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கோபம் என்று போனில் சொன்னாரே, அது நான் சொல்லிக்கொடுத்த வசனம்.

ஆமாம் அக்கா, மறைக்காதே என்று உனக்குப் பாடம் எடுத்தவள்தான் மறைத்தேன். ஆஸ்பத்திரியில் தினமும் மனசுக்குள் கடிதம் எழுதுவேன். 'அக்கா, இரத்தம்' என்று ஆரம்பித்ததுமே, நீ அதைப் பிரித்துக்கொண்டு சமையலறையில் நிற்கிற முகம் தெரியும். அதற்கு மேல் ஓடாது. உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. நான் உன்னைக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் திரும்ப எனக்கே போட்டுப் பார்த்தேன்.

ஆனால் நேற்று உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இவர் ஓடிவந்து படுக்க வைத்தார். அக்கா, உன் தண்ணீரால் இல்லை. இரண்டாவது குழந்தைக்கு இதயமே சரியாக உருவாகவில்லை. முதல் மாதத்திலேயே அப்படி ஆகியிருக்கும், யார் என்ன கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதுதான் நடந்திருக்கும் என்று டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். உன் வீட்டுக்கு நான் வருவதற்கு முன்பே அது முடிவாகிவிட்டது. உனக்கும் சொல்லியிருப்பார்கள் என்றே நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லப் பயந்து, நானாக அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. நான் ஒரு வரி பேசியிருந்தால் நீ இரண்டு வருஷம் அந்தச் சுமையைத் தூக்கியிருக்க மாட்டாய். என்னை மன்னித்துவிடு.

அந்த ஒரு மாதம் என்ன ஞாபகம் இருக்கிறது தெரியுமா? மதியம் நான் தூங்கி எழும்போதெல்லாம் நீ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாய். கண்ணைத் திறக்காமலே, நீ இருக்கிறாய் என்று கீரை வாசனையில் தெரிந்துவிடும். அவ்வளவுதான் எனக்கு உன் வீடு.

ஜூலையிலிருந்து வா வா என்கிறேன். நீ தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்கிறாய். பயணம் கூடாது என்று டாக்டரம்மா கையெழுத்தே போட்டுவிட்டார், இனிப் பிறக்கிறவரை நான் எங்கும் வர முடியாது. தொட்டி பாதி இருந்தால் போதும், அக்கா. நீ முழுசாக வா.

உன் வாயாடி

நவம்பர் 22

எங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு,

நீ நலமாகப் போய்ச் சேர்ந்தது பற்றிச் சந்தோஷம். நான் நலம். சோறு குழைகிறது, குழம்பு ஓடுகிறது, ஆனாலும் உயிரோடு இருக்கிறேன்.

கடிதத்தைப் படித்த அரை மணியில் மூடியைத் தையல்காரம்மா கையில் திணித்துவிட்டு நீ கிளம்பியதை அவள் இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "கல்யாணத்துக்குப் போனாக்கூட அக்கா மூணு தடவ பூட்ட இழுத்துப் பாப்பாங்க. அன்னிக்குக் கதவே சாத்தல!" நான்தான் சாத்தினேன்.

கம்பளவை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு. போன செவ்வாய் காலை நல்ல மழை. தையல்காரம்மா வாயில் குண்டூசியோடு ஓடிவந்து என்னைக் குடையில்லாமல் நிற்க வைத்து, "அண்ணே, மணி பாருங்க! நான் சொல்றவரைக்கும் மூடக் கூடாது!" என்றாள். நான் பார்த்தேன். ஏழு நிமிஷத்தில் மூடப் போனேன். அடி விழாத குறை. இவளிடம் தைக்கக் கொடுப்பவர்கள் எப்படித் தைரியமாக அளவு குறைக்கச் சொல்கிறார்களோ!

அவளை நாளுக்கு இரண்டு குடம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் கூரைத் தண்ணீர்தானே. "அக்கா வந்து எழுதினாத்தான் எடுப்பேன்" என்கிறாள்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. நீ வாய்க்குள் முணுமுணுக்கும் பிரார்த்தனை இல்லாமல் காலையில் எனக்கு விழிப்பே வருவதில்லை. அதற்காக உடனே வந்துவிடாதே.

சகலையிடம் கேட்டதாகச் சொல். வாயாடியிடம் நான் பிரதி எடுப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்.

அட்டை போடுகிறவன்

நவம்பர் 30

என் வீட்டுக்காரருக்கு,

வணங்கி எழுதுகிறேன். நாங்கள் சுகம். 'நாங்கள்' என்றால் இப்போது மூன்று பேர்.

நேற்றுக் காலை பதினொன்று இருபதுக்குப் பெண் குழந்தை. ஒரு மாதம் முந்திக்கொண்டாள், பொறுமை கிடையாது, தாயைப் போலவே. இரண்டு கிலோ நூறு கிராம். மூச்சு நன்றாக இருக்கிறது. இதயத்தில் குறையில்லை என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்துச் சொன்னார்கள். மூன்றாவதாக ஒருவரையும் கேட்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே அவரும் கேட்டார். தங்கைக்கு இரத்தம் நிறையப் போயிற்று, இப்போது பரவாயில்லை. தூங்குகிறாள்.

இந்தப் பதினெட்டு நாளில் நான் இங்கே செய்தது ஒன்றுமே இல்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கீரை ஆய்ந்தேன். அவள் பேசினால் கேட்டேன். இதற்கா ஜூலையிலிருந்து அழைத்தாள் என்று முதல் இரண்டு நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அவள் கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அப்புறம் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டு பேரையும் நம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். அதற்குள் தையல்காரம்மாவிடம், நான் எழுதிவிட்டேன் என்று சொல்லி இரண்டு குடம் எடுக்கச் சொல்லுங்கள். தயங்கினால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். அவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. கொத்தனாருக்கும், என்னைக் கேலி செய்த அந்தச் சின்ன டாக்டருக்கும், ஆஸ்பத்திரித் தரையில் துண்டு விரித்துப் படுத்த உங்களுக்கும். உங்களிடம் இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, "யார் முதல்ல வாங்கிக்கிறீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை எழுந்தார். நான் சுவரோரம் நகர்ந்து நின்றுகொண்டேன். என் கையால் கொடுத்தது எதுவும் இந்தக் குழந்தைக்குப் போக வேண்டாம் என்று இத்தனை மாதம் ஊறிப்போன பயம், அவள் அவ்வளவு எழுதிய பிறகும் முழுசாகப் போகவில்லை. அப்போது கட்டிலிலிருந்து சன்னமாக ஒரு குரல். கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "எங்க அக்கா கையில குடுங்க." மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

கொடுத்தார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று தினமும் சொல்கிற வார்த்தைகளைத் தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். "வந்துட்டியா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதைப் பிரார்த்தனையாக எடுத்துக்கொள்ளட்டும் என்று மேலே இருப்பவரிடமே விட்டுவிட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு உலை கொதித்த பிறகுதான் அரிசி போட வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி